மாநாட்டுக்கு முன் அழித்த ஸ்லைடு

1. சூட்கேஸ்

வியாழக்கிழமை காலை ஏழு ஐம்பது. நூலகக் கதவைத் திறந்ததும் முதலில் கண்டது மேசைக்குப் பக்கத்தில் வாய் திறந்து கிடந்த சிவப்புச் சூட்கேஸ். ஒரு பக்கம் துணி, மறுபக்கம் வெறுமை.

சூட்கேஸ் கேத்ரினுடையது. லண்டனில் உள்ள ஒரு சட்ட நிறுவனத்தின் நூலகத் தலைவர் அவர். நான் அவருக்கு அடுத்தவன். நூலகத்தில் நாங்கள் இருவர்தான். கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். சட்ட நூலகர் என்ன செய்வார் என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கறிஞருக்கு வேண்டிய தீர்ப்பைத் தேடிக் கொடுப்பார். அது இன்றைக்கும் செல்லுமா என்றும் பார்த்துச் சொல்வார்.

சட்ட நூலகர்களுக்கு ஆண்டுக்கு ஒரு மாநாடு நடக்கும். இந்த முறை வடக்கே, ரயிலில் போக வேண்டிய ஒரு நகரத்தில். போவதற்கான வேலை ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடும். மேசைக்குத் தற்காலிக ஆள் பிடிக்க வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளை அவருக்கு விளக்க வேண்டும். கண்காட்சி மண்டபத்தில் எந்த விற்பனையாளரைப் பிடித்துச் சந்தாவைக் குறைக்கச் சொல்வது, எவரைக் கண்டால் ஒளிவது என்று முடிவு செய்ய வேண்டும்.

"சூட்கேஸ் பாதி காலியாக் கிடக்கே?" என்று கேட்டேன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

"அது துணிப்பைகளுக்கு, சிவா. ஒவ்வொரு கொம்பனியும் ஒன்று தரும். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிப்போகும்."

முதல் நாள் இரவு தோர்ண்டன் ஹீத் வீட்டில் என் மனைவியும் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டிருந்தார். "நீங்கள் மாநாட்டுக்குப் போறியளோ, ஓசியில குடுக்கிற பேனையளைப் பொறுக்கப் போறியளோ?"

இந்த முறை கேத்ரின் உரையாற்ற இருந்தார். பல ஆண்டுகளாக விண்ணப்பித்து இப்போதுதான் மேடை கிடைத்திருந்தது. பொருள், ஏஐ கற்பனை செய்து தரும் வழக்குகள். இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி வழக்கறிஞர்கள் மாட்டிக்கொள்வது இப்போது நாம் கேள்விப்படாத செய்தி அல்ல.

"ஸ்லைடுகளை ஏற்பாட்டாளர்களுக்கு நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும்," என்றார். "உன் பத்திரிகைக் கண்ணால் ஒருமுறை பார். எழுத்துப்பிழை இருந்தால் இந்தக் கூட்டம் மன்னிக்காது."

2. பதினோராம் ஸ்லைடு

பத்து ஸ்லைடுகளில் குறை இல்லை. பதினொன்றாவதில் ஒரு வழக்கின் பெயர், ஒரு தமிழரின் முழுப் பெயருடன், பெரிய சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே ஒரே வரி: "இப்படி ஒரு வழக்கு இல்லை."

அது எங்கள் நிறுவனத்தில் நடந்த சங்கதி. மூன்று வாரங்களுக்கு முன், தாரணி என்ற டிரெய்னி, அதாவது சொலிசிட்டர் எனும் வழக்கறிஞராகப் பயிற்சி பெறுபவர், ஒரு அகதி வழக்குக்கு மெமோ எழுதியிருந்தார். பாரிசில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் லண்டன் வந்தவர். மெமோவில் சொன்ன தீர்ப்புகளைச் சரிபார்க்கும்படி அவரை மேற்பார்வையிடும் சைமன், நிறுவனத்தின் பார்ட்னர்களில் (பங்காளிகளில்) ஒருவர், எங்களுக்கு அனுப்பினார். ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. அந்த ஒன்றை மூன்று டேட்டாபேஸ்களில் பெயர் போட்டுத் தேடினோம். "கிடைக்கவில்லை" என்று கேத்ரின் எழுதி அனுப்பினார். ஏஐ தந்ததை அந்தப் பெண் அப்படியே போட்டுவிட்டார் என்று சைமன் முடிவு கட்டினார். தாரணி மறுத்தார். எவரும் நம்பவில்லை.

டிரெய்னிகளில் யாரை வேலையில் வைத்துக்கொள்வது என்று பார்ட்னர்கள் கூடித் தீர்மானிக்கும் நாள் வெள்ளிக்கிழமை. அதாவது மறுநாள்.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் பொய் சொன்னார் என்று அச்சில் போடுவதற்கு முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ஸ்லைடில் தாரணியின் பெயர் இல்லைதான். ஆனாலும் நூலகத்திலிருந்து ஒருவரும் அவரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் மாடிக்குப் போனேன்.

"நீங்களும் கேக்க வந்திட்டீங்களோ, அங்கிள்?" என்றார் தாரணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சைமன் என்ன கேட்டவர்?"

"ஏஐ யூஸ் பண்ணினனியோ எண்டு மட்டும். இல்லை எண்டன். ஓகே எண்டார். அந்த ஓகே ஓகே இல்லை, அங்கிள்."

"வழக்கை எங்க பாத்தனீர்?"

"யூனியில படிக்கேக்க கிராய்டன் பக்கம் ஒரு சட்ட உதவி நிலையத்தில வொலண்டியர் பண்ணினனான். பழைய பைல் ஒண்டில போட்டோகொப்பி கிடந்தது. பேரையும் வருசத்தையும்தான் நோட் பண்ணினனான். இப்ப அந்த இடமும் இல்லை. அதில சிக்கன் ஷாப் வந்திட்டு."

"பேரை விடும். அந்த ஆளுக்கு என்ன நடந்தது?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஐஸ் லொறி ஓடினவர். கடற்கரைக்கு மீனுக்கு ஐஸ் கொண்டு போறது. ஒருநாள் இயக்கக்காரர் லொறியை மறிச்சு, ஐசுக்குக் கீழ சாமான் ஏத்தி விட்டிட்டினம். மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே? பிறகு மற்றப் பக்கம், ஆமி, பிடிச்சு அடிச்சது. இங்க வந்தா, நீ அவங்களுக்கு உதவி செய்தனி எண்டு கேஸை மறுத்திட்டாங்கள். அப்பீலில ஜட்ஜ் சொன்னவர், சுடுவாங்கள் எண்டு துவக்கைக் கண்ட பயத்தில செய்தது உதவி இல்லையெண்டு."

"இவ்வளவும் ஏஐ சொல்லுமோ?"

"சொல்லும், அங்கிள். அதுதான் பிரச்சினை. என்னைவிட வடிவாச் சொல்லும்."

3. பெயர் இல்லாமல் ஒரு தேடல்

அந்த மனிதரின் தொழிலையும் அதையொட்டிய சொற்களையும் இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

நூலகத்துக்குத் திரும்பி, டேட்டாபேஸில் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன். தாரணி சொன்ன ஆண்டைப் போட்டேன். தீர்ப்பின் உடலுக்குள் தேடும் கட்டத்தில் லொறி, ஐஸ், மீன் என்ற மூன்று சொற்களைக் கொடுத்தேன். ஒரே ஒரு தீர்ப்பு வந்தது. தலைப்பில் மனிதரின் பெயர் இல்லை. இரண்டு ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயரும் மட்டுமே இருந்தன. படித்துக்கொண்டு போனேன். மறித்த இடம் இருந்தது, ஐசுக்குக் கீழே ஏற்றிய சாமான் இருந்தது, நீதிபதியின் அந்த வரியும் இருந்தது.

முதல் பக்கத்தின் மேலே ஒரு பெட்டிக்குள் அறிவிப்பு. தீர்ப்பு வெளிவந்து சில ஆண்டுகளின் பின், ஊரில் இருக்கும் குடும்பத்தின் பாதுகாப்புக் கருதி, நீதிமன்றம் அவருடைய பெயரை நீக்கியிருந்தது. அவரை அடையாளம் காட்டும் எதையும் யாரும் வெளியிடக் கூடாது என்பது உத்தரவு. டேட்டாபேஸ்கள் பெயரை எடுத்துவிட்டன. தாரணி பார்த்தது அதற்கு முந்திய பிரதி.

கேத்ரினைக் கூப்பிட்டேன். அவர் அறிவிப்பைப் படித்தார். பிறகு பதினோராம் ஸ்லைடைப் பார்த்தார். பிறகு மீண்டும் அறிவிப்பைப் படித்தார்.

"நாளைக்கு ஒரு மண்டபம் நிறைய நூலகர்களுக்கு முன்னால் இந்த மனிதரின் பெயரைச் சிவப்பில் போட இருந்தேன்," என்றார். "அதுவும் இல்லாத ஆள் என்று சொல்லி."

"யாருக்காவது அனுப்பினீர்களா?"

"இல்லை. நீ பார்த்த பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன்." சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. "ஒருவருக்கும் அனுப்பவில்லை," என்று இன்னொரு தடவை, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

ஸ்லைடை அழித்தார். குப்பைக் கோப்புறையிலிருந்தும் அழித்தார். கைப்பையிலிருந்து யூஎஸ்பி குச்சியை எடுத்து அதிலிருந்த பிரதியையும் அழித்தார். "நான் எதையுமே இவ்வளவு சந்தோசமாக அழித்ததில்லை," என்றார். நூலகத் தலைவர் ஒருவர் வாயில் கேட்க முடியாத வாக்கியம் அது. இருவரும் சிரித்துவிட்டோம். மீதி ஸ்லைடுகள் நண்பகலுக்கு முன் ஏற்பாட்டாளர்களுக்குப் போயின.

4. சைமனின் அறை

தீர்ப்பின் பிரதியுடன் சைமனிடம் போனோம். அவர் நின்றபடியே படித்தார்.

"கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்," என்றார்.

"எழுதினேன். 'இல்லை' என்று எழுதவில்லையே என்று இப்போது வாதாடலாம்," என்றார் கேத்ரின். "ஆனால் என் ஸ்லைடில் நானும் 'இல்லை' என்றுதான் போட்டிருந்தேன். அதனால் வாதாட வரவில்லை."

"அந்தப் பெண்ணிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்," என்றார் சைமன். பிரதியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். இரண்டாம் மாடிக் கண்ணாடிக்கு அப்பால் தாரணி எழுந்து நிற்பதைப் பார்த்தேன். சைமன் தாளை மேசையில் வைத்து ஒரு வரியைக் காட்டினார். தாரணி பக்கத்துக் கதிரையை இழுத்துக் கொடுத்தார். சைமன் உட்கார்ந்தார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் புறப்படும் நேரத்தில் தாரணி நூலகத்துக்கு வந்தார். மெமோவில் பெயரை எடுத்துவிட்டு இரண்டு எழுத்துகளைப் போடச் சொல்லியிருக்கிறார் சைமன். பார்ட்னர்களின் நாளைய கூட்டத்தில் தாரணிக்காகத் தானே பேசுவதாகவும் சொன்னாராம்.

"நீர் மத்தியானம் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள். மூண்டு கிழமைக்குப் பிறகு இண்டைக்குத்தான் ருசி தெரிஞ்சுது."

ரயில் ஸ்டீவனேஜைத் தாண்டியபோது கேத்ரின் தூங்கிவிட்டார். மாநாட்டுக்குப் போகும் ரயிலில் அவர் தூங்கி நான் கண்டதில்லை. வழக்கமாக உரையை முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வழக்கைப் பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால், நடந்த சம்பவத்தை வைத்துத் தேடுங்கள். பெயரை நீதிமன்றம் எடுத்துவிடலாம், சம்பவத்தை எடுப்பதில்லை. அந்த வழக்கைக் குறிப்பிட்டவரிடம் திரும்பிப் போய், எங்கே பார்த்தீர்கள் என்று விசாரியுங்கள். அதன் பிறகும் கிடைக்கவில்லை என்று எழுத நேர்ந்தால், எங்கெங்கே, எப்படித் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படிப்பவர் உங்கள் தேடலின் எல்லையைத் தெரிந்துகொள்ளட்டும். இப்போது எங்கள் நூலகத்திலிருந்து அந்தக் குறிப்பு இல்லாமல் எந்தப் பதிலும் வெளியே போவதில்லை.

தாரணி இப்போது எங்கள் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், குடிவரவுப் பிரிவில் சொலிசிட்டராக இருக்கிறார்.