இல்லை என்று நான் சொன்ன வைரஸ்

மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. நோயாளி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் என்ன சொல்கிறார் என்றால்' என்று சுற்றி வளைக்கக் கூடாது. அதனால் காலை பத்து மணிக்கு எனக்கு மூலநோய் இருக்கும். பதினொன்றரைக்கு நான் ஏழு மாதக் கர்ப்பம். சாப்பாட்டுக்குப் பிறகு துவாஸ் தொழிற்பேட்டையில் சாரத்திலிருந்து விழுந்து என் கால் முறிந்திருக்கும். எனக்கென்று ஏதாவது சொல்ல வேண்டுமானால், 'மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார்' என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல ஆரம்பிக்க வேண்டும். இத்தனை வருடங்களில் நான் அப்படி ஆரம்பித்ததெல்லாம் பெரும்பாலும் ஏசியைக் குறைக்கச் சொல்வதற்குத்தான்.

நான் சொல்ல வந்த பெண்ணைப் பிரசவ வார்டிலிருந்தே எனக்குத் தெரியும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் இங்கேயே பிறந்தவர், பஸ் ஓட்டுகிறார், கிளமெண்டியில் வீடு. எட்டாம் மாதம் வரை ஊரில் இருந்துவிட்டு வந்ததால், பிரசவ வலியோடு சேர்ந்த அன்றுதான் அவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்ற கதையையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அதை இங்கே சொல்லப் போவதில்லை.

பெண் குழந்தை. பிறந்த சில மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியும் குழந்தையின் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் மூன்று சிரப்புகள். அதில் ஒன்று அநியாயக் கசப்பு. குழந்தை அதை அம்மாவின் மேல் துப்பும். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒரு ஸ்பூன் காயா ஜாம், மருந்து, மறுபடி ஒரு ஸ்பூன் காயா என்று அந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளை காயாவை விழுங்கிவிட்டு மருந்தைத் துப்பியது.

குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது டாக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். சீனப் பெண்மணி, லேசில் சிரிக்காதவர். "நாட் டிடெக்டட்" என்றார். பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை என்று அர்த்தம். இதற்கு எங்கள் சொல் பட்டியலில் 'கண்டறியப்படவில்லை' என்று இருக்கிறது. அதைச் சொன்னால் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். ஒரு வருடம் தூங்காத தாய்க்கு நல்ல செய்தி சொல்லும்போது அந்தத் தமிழ் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. "இல்லம்மா, வைரஸ் இல்லை" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் வேலையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மருந்தைத் தொடர வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார், அதையும் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டர் "நாட் டிடெக்டட்", நான் "இல்லை". இல்லாத ஒன்றுக்கு எத்தனை நாள் மருந்து கொடுப்பது என்று எந்தத் தாயும் ஒருநாள் யோசிப்பாள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

மூன்று வயதில் குழந்தை மொட்டைத் தலையோடும் அதில் சந்தனத்தோடும் வந்தாள். "எந்தக் கோயில்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நம்ம தேக்கா பக்கத்துக் கோயில்தான்க்கா. வேண்டிக்கிட்டேன், நல்லபடியா ஆயிடுச்சு."

நல்லதுதான் என்று தலையாட்டினேன். மருந்து எப்படிப் போகிறது என்று டாக்டர் கேட்டார்.

"மருந்தெல்லாம் முடிஞ்சது" என்றார் அம்மா.

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பாட்டில் காலியாகிவிட்டது என்று டாக்டர் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதிக் கொடுத்தார். இனி வேண்டியதில்லை என்று அந்த அம்மா சொன்னதை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. தாதி ரத்தம் எடுத்தார். மறுவாரமே அவர்களுக்கு மருத்துவமனையிலிருந்து அவசரமாக அழைப்பு வந்தது.

அன்று டாக்டர் சிரிக்கவில்லை. வைரஸ் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது. மருந்து விட்டுப்போனதா என்று கேட்டார்.

"நிறுத்திட்டேன். மொட்டை போடறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடியே. இந்த அக்காதானே வைரஸ் இல்லைன்னு சொன்னாங்க? ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க."

இப்போது இதை நான் 'நான்' போட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 'நான் தவறாகப் புரிந்துகொண்டேன்' என்று அவர் பெயரில் ஒரு வாக்கியம் போட்டிருந்தால் என் வேலை தப்பிக்கும். கோப்பில் அவர் பொறுப்பில்லாத தாய் என்று ஏறும். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு மூச்சு நேரம் வந்தது, வெட்கம் கெட்ட நினைப்பு.

"நான் மருந்தை நிறுத்திவிட்டேன். வைரஸ் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் சொன்னார்" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார். "மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார், அது உண்மை. தவறு மொழிபெயர்ப்பாளருடையது" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வெள்ளைத்தாளில் வட்டங்கள் போட்டு அம்மாவுக்கு விளக்கினார். முதல் நாளே மருந்து கொடுத்ததால் வைரஸ் ஒளிந்திருக்கும் செல்கள் குறைவு. குறைவுதான், பூஜ்யம் இல்லை. அந்தச் செல்கள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், உள்ளே வைரஸ் தூங்கும். ரத்தப் பரிசோதனை வெளியே நடமாடுவதைத்தான் எண்ணும். மருந்து நின்றால் தூங்குவது எழுந்துவிடும். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன், புரிந்ததைத் திருப்பிச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டேன்.

"வீட்லதான் இருக்கு, கதவைத் தட்டினா குரல் குடுக்கல. அப்படித்தானே?" என்றார். அத்தனை வருடம் நான் தேடாத தமிழ் அது.

மருந்துக்குப் பழகிய வைரஸாக மாறியிருந்தால் பழைய சிரப்புகள் வேலை செய்யாது. அது தெரிய இன்னொரு பரிசோதனை, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்குள் மேலதிகாரி ஒரு விசாரணை வைத்தார், ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். வகுப்பில் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லைப் பத்து முறை எழுதினேன்.

பழைய மருந்தே போதும் என்று முடிவு வந்தது. அந்த அம்மா வேறு மொழிபெயர்ப்பாளர் கேட்பார் என்று நினைத்தேன். "அவங்களே வரட்டும். இனிமே பாத்துப் பேசுவாங்க" என்று சொன்னாராம். அதைக் கேட்டு மருத்துவமனைக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஏழெட்டு மாதம் கழித்து டாக்டர் மறுபடி "நாட் டிடெக்டட்" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "ரத்தத்துல தேடினதுல அகப்படல. ஆனா உள்ள இருக்கு. மருந்தை நிறுத்தக்கூடாது" என்றேன். தான் சொன்னது இரண்டே சொற்கள்தானே என்று டாக்டர் கேட்கவில்லை.

மணி எட்டரை, காலை மருந்து நேரம். அம்மா பையிலிருந்து மருந்தை எடுத்து அளந்தார். முடி கொஞ்சம் வளர்ந்து இரட்டைக் குடுமி போட்டிருந்த மகள், வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"ஆன்ட்டி, பிரைமரி ஒன் போனாலும் சாப்பிடணுமா?"

விதிப்படி நான் இதை டாக்டரிடம் சொல்லி, அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவும் சாப்பிடணும்மா."

"செகண்டரி?"

"அப்பவும்."

"அப்புறம் ஆன்ட்டி மாதிரி ஆயிட்டாக்கூடவா?"

"ஆன்ட்டி மாதிரி ஆகணும்னா சாப்பிடணும்" என்றேன்.

அவள் என் நரைத்த தலையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.