போடியில் ஓடியது, குரங்கணியில் நின்றது

போன வாரம் முழுக்க ஒரு ஃப்ளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலை ஏறி இறங்கினேன்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் மைதீன் அண்ணனிடம் இரண்டு கம்ப்யூட்டர். கடையில் இருப்பது பழசு. குரங்கணி குடோனில் இருப்பது புதுசு. மூட்டையில் கட்டும் சீட்டைத் தமிழில் அச்சடிக்க, நான் வேலை பார்க்கும் மதுரைக் கம்பெனி ஒரு புரோகிராம் கொடுத்திருந்தது. கடையில் அழகாக ஓடியது. குடோனில்... முதல் எழுத்து வருவதற்குள் மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

“ரெண்டு எடத்துலயும் ஓடுனா வச்சுக்கிறேன் தங்கச்சி. இல்லாட்டி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிரு” என்றார் அண்ணன். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

தமிழ் எழுத்தை அச்சடிக்க மட்டும் தனியாகக் கம்பைல் செய்த, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றிய, ஒரு சின்னத் துண்டு அந்தப் புரோகிராமில் உண்டு. கடை மெஷினை இயக்கும் பழைய டாஸ் ஒரு தகவலை மெமரியில் எங்கே வைத்திருக்குமோ, நேரே அங்கே போய் அது எடுக்கும். குடோன் மெஷினின் புது டாஸ் அந்தத் தகவலை வேறு இடத்தில் வைத்திருந்தது. சரி என்று இடத்தை மாற்றினேன். குடோனில் ஓடியது — கடையில் நின்றது.

கம்பைல் செய்யும் வசதி கடை மெஷினில்தான். அங்கே மாற்றுவேன், ஜீப் பிடிப்பேன், குடோனில் போட்டுப் பார்ப்பேன், தலையில் கை வைத்து உட்காருவேன். வெளியே பனிமூட்டமாய் மஞ்சு இறங்கும். கரண்ட் போகும். யாரிடம் கேட்பது? விஷயம் தெரிந்த ஒரே சீனியரும் வேலையை விட்டுப் போயாச்சு. ட்ரங்க் கால் போட்டால் முதலாளி, “எப்ப வர்றே?” என்கிறார்.

ஜீப்பில் இறங்கும்போதுதான் தோன்றியது. இடத்தை ஏன் நாமே முடிவு செய்ய வேண்டும்? ‘நீ எந்த வெர்ஷன்?’ என்று டாஸிடமே முதலில் கேட்டுவிட்டு, அதற்கேற்ற இடத்துக்குப் போனால்?

கேட்டால் சொல்லிவிடுகிறது. நாம்தான் கேட்பதில்லை.

அப்படியே மாற்றிப் போட்டேன். குடோனில் ஓடியது. கடையிலும் ஓடியது. அண்ணன் பிரிண்டரிலிருந்து சீட்டைக் கிழித்தெடுத்துப் பார்த்தார். “முந்தியும் இப்படித்தான வந்துச்சு?” என்றவர், வாசலில் நின்ற லோடைப் பார்க்கப் போய்விட்டார்.

உண்மைதான். எதுவுமே நடக்காத மாதிரி இருந்தால்தான் எங்கள் வேலை ஜெயித்தது என்று அர்த்தம். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? பிரிண்டரை அணைத்தேன்.

அண்ணனின் மனைவி ஜொஹரா அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: “இம்புட்டு நாளா அந்த மலையில ஒத்தையிலயாம்மா உக்காந்திருந்த?”

“ஆமாக்கா” என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அக்கா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததிலிருந்து என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.