நண்டு பறித்த பல் பிரஷ்

பழைய பல் பிரஷ்களை எறிய எனக்கு மனம் வராது. தையல் மெஷினுக்குள் அடையும் நூல்தூசிக்கு ஒன்று, குழாயின் பாசிக்கு ஒன்று, செருப்புச் சேற்றுக்கு ஒன்று. "இந்த வீட்டில பல்லை விட பிரஷ்தான் கூட" என்பார் கணவர்.

போன மாதம் ஒரு ஞாயிறு கல்லடிப் பாலத்தடியில் அவர் உயிரோடு ஒரு வாவி நண்டு வாங்கி வந்தார். உள்ளங்கையை விடப் பெரியது. கொடுக்குகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கழுவும் தொட்டிக்குள் போட்டுப் பழைய பிரஷால் தேய்த்தேன்; ஓட்டின் சேறு இலகுவாகக் கழன்றது. கொடுக்கின் இடுக்கைத்தான் கயிறு மறைத்தது. ஒரு பொட்டுச் சேறும் பொறுக்காத ஆள் நான். கயிற்றை வெட்டிவிட்டேன்.

நண்டு அசையவில்லை, மழைக்கு முந்திய வாவி போலக் கிடந்தது. திறந்திருந்த கொடுக்குக்குள் பிரஷை விட்டேன். டக்கென்று மூடியது. என் சுட்டுவிரலுக்கு ஒரு நூல் தள்ளி, பிரஷின் பிடி இரண்டாக முறிந்தது. ஊசி பிடிக்கும் விரல் அது. அதில்தான் என் பிழைப்பு.

நான் கத்தியதில் கணவர் ஓடி வந்தார்.

"விரல் இருக்கா புள்ள?"

"இருக்குங்க. பிரஷ்தான் போயிட்டு."

முறிந்த பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி தொட்டிக்குள் நின்றது நண்டு. "கறியாகப் போற நேரத்தில பல்லு விளக்கப் பாக்குது" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது நண்டைக் கட்டோடு ஐஸில் புதைத்து வைத்து, அசைவு முற்றாக அடங்கிய பிறகே கயிற்றை வெட்டுகிறேன். தேய்ப்பதும் நீளப் பிடியுள்ள பிரஷால்தான்.

இன்று ஒரு சட்டைக்குக் கொக்கி தைத்தேன். ஊசியைப் பிடித்திருந்த அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.