கால் பாவாதவள்

எனக்குச் சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு நோயாக மதிப்பதில்லை. "தெருவுல பாதிப் பேருக்கு இருக்கு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு" என்பார் என் வீட்டுக்காரர். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி என் இலையைத் தாண்டிப் போய்விடும். என் திதிக்காவது பாயசம் வைப்பார்களா, அன்றைக்கும் "அவங்களுக்கு ஆகாது" என்பார்களா என்று யோசித்திருக்கிறேன்.

அந்த வருடம் சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடித்தது. என் மனதில் மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலை, அதுகூட வரவில்லை. பாதம் மரத்துப்போனதும் அப்போதுதான். வரப்பில் நடந்தால் சேற்றின் குளிர்ச்சி தெரியாது. மனசு மரத்துப்போவதும் இந்த வியாதியோடு வருமாம், அதற்கும் வைத்தியம் உண்டாம். தஞ்சாவூர் டாக்டர் பின்னால் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் பக்கத்து வீட்டில் என் ஓர்ப்படி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்றேன். திரும்பியவள் துள்ளிவிட்டாள்.

"என்னக்கா, பேய் மாதிரி சத்தமில்லாம வந்து நிக்கிறீங்க! காலு தரையில பாவுதா இல்லியா?"

அவள் சிரித்தாள். நான் குனிந்து பார்த்தேன். பேய்க்குக் கால் பாவாது என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். என் கால் தரையில்தான் இருந்தது, ஆனால் கண் சொன்னதைக் கால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே நான் பேய்தான் என்பதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. நான் ஏதாவது கேட்டால் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடி இருப்பார். வாசல் நாய் என்னைக் கண்டு தலையைக்கூடத் தூக்காது. அது யாருக்குமே தூக்காது என்பது எனக்கு அப்போது நினைவில்லை. நான் எப்போதோ போய்விட்டேன், இவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்று தோன்றியது. போனவளுக்கு எதற்கு இன்சுலின்? ஊசியை நிறுத்திவிட்டேன். "ஊசி போட்டுக்கிட்டியா?" என்று அவர் கேட்டால் "ஆச்சு" என்பேன். பயமே இல்லை.

அவர் யூரியா வாங்கப் போயிருந்த ஒரு உச்சிவேளையில் வயலுக்குப் போய்த் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். வரப்பு வழுக்கும் என்று செருப்பில்லாமல்தான் போனது. கொல்லைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, அடுப்படியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கொல்லைக் கதவிலிருந்து அடுப்படிக்கும் அங்கிருந்து கூடத்துக்கும் சிவப்பாக ஒரு காலடி வரிசை. வலது கால் மட்டும்.

"யாரது?" என்றேன். அந்தத் தடத்தை ஒட்டியே அடுப்படிக்குப் போனேன். யாரும் இல்லை. திரும்பினேன். சற்று முன் நான் நடந்து வந்த வழியில் புதிதாக இன்னொரு வரிசை ஈரமாக மின்னியது. அது என் காலடியில் வந்து முடிந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். குதிகாலில் ஒரு நத்தை ஓடு ஆழமாகப் புதைந்திருந்தது. கொஞ்சமும் வலிக்கவில்லை.

பேய்க்கு ஏது காலடி? அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வீட்டுக்காரர் மூட்டையை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். "யாரு ரத்தம் இது?"

"என்னோடதுதாங்க. ஊசியே போட்டுக்கலங்க. நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"தெருவுல பாதிப் பேருக்கு இருக்கு" என்ற பழைய கதை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து, துண்டால் காயத்தைக் கட்டி, என் காலை மடியில் வைத்துப் பாதத்தை அழுத்தினார்.

"தெரியுதா?"

"இல்லங்க."

கணுக்காலை அழுத்தினார். "இங்க?"

"இல்ல."

கை மெல்ல மேலே வந்தது. முழங்காலுக்குக் கீழே வந்ததும் "ம், தெரியுது" என்றேன். அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் போனை எடுத்து ஆட்டோவைக் கூப்பிட்டார்.