தாடி திறந்து வைத்த ஃபைல்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை. ராத்திரியில்கூட நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி 1:40.

நான் கட்டட வரைபடம் போடுகிறவள். எங்கள் ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர். வரைபடங்கள் அவற்றில் இருக்காது. எல்லாம் அலமாரி மேலிருக்கும் ஒரு பெட்டியில். செருப்பு டப்பா அளவு, உள்ளே இரண்டு டிஸ்க். ஐந்து கம்ப்யூட்டரும் கேபிள் வழியாக அதைப் பகிர்ந்துகொள்ளும். ஒருவர் ஃபைலைத் திறந்தால் மற்றவர்கள் பார்க்கலாம், திருத்த முடியாது. நல்ல ஏற்பாடுதான், திறந்தவன் மூடிவிட்டுப் போனால்.

அன்று என் திரையில் வந்தது: 'இந்த ஃபைலைத் தாடி திறந்திருக்கிறார்.'

தாடி என் பக்கத்து மேசைக்காரன், கம்ப்யூட்டரிலும் அவனுக்கு அதுதான் பெயர். முந்தின நாள்தான் ஓனரோடு மல்லுக்கட்டினான். பால்கனிக்குப் பன்னிரண்டு எம்எம் கம்பி போதாது, பதினாறு வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேர் நின்றாலே இறங்கிவிடும் என்றான். ஓனர் காதில் வாங்கவில்லை, சைட்டில் பன்னிரண்டையே கட்டச் சொல்லிவிட்டார். ஞாயிறு மூன்று மணிக்கு சைட்டில் காங்கிரீட். அதற்குள் தாடியின் பதினாறைப் பன்னிரண்டாக்கி அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தேன்.

அவனுக்கு ஆறு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எரிச்சல் தலைக்கேறியது. ஓனரைக் கூப்பிட்டேன்.

"அவன விடும்மா. காப்பி எடுத்து நீயே மாத்தி அனுப்பு."

1:58. காப்பி எடுத்தேன். பன்னிரண்டு என்று மாற்றி சேவ் செய்தேன்.

2:03. திறந்தால்... பதினாறு.

வெளியிலிருந்து பெட்டிக்குள் வர வழியே கிடையாது. அவன் கம்ப்யூட்டரோ அணைந்து கிடந்தது. வெறியில் அதன் பிளக்கைப் பிடுங்கினேன். கேபிளையும் பிடுங்கினேன்.

2:11. அலமாரி மேல் சத்தம். கிர்ர்... கிர்ர்... யாராவது எழுதினால்தான் டிஸ்க் அப்படிக் கத்தும். நான் எதையும் தொடவில்லை.

மறுபடி பன்னிரண்டு ஆக்கினேன்.

கிர்ர்...

பதினாறு.

"வெளையாடாதடா" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

2:40. காப்பியை என் கம்ப்யூட்டருக்குள் இழுத்துப் போட்டேன். என் கேபிளையும் கழற்றினேன். பன்னிரண்டு. மூன்று தடவை சரிபார்த்தேன். மொபைல் இன்டர்நெட்டில் அனுப்பினேன். 2:52.

கிர்ர்...

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

3:10. தெருமுனையில் நிற்கும்போது சைட் இன்ஜினியர் கூப்பிட்டார்.

"மேடம், பதினாறுன்னு அனுப்பியிருக்கீங்க. இங்க பன்னண்டுதான் கட்டியிருக்கு. காங்கிரீட்ட நிறுத்திட்டேன்."

அனுப்பியதைத் திறந்தேன்.

பதினாறு.

சாயங்காலம் தாடியின் தம்பி பேசினான். கம்பி வேலையை நிறுத்தச் சொல்ல அண்ணன் காலையில் பைக்கில் சைட்டுக்குக் கிளம்பினானாம். வழியில் லாரி. பத்தரை மணிக்கு, அந்த இடத்திலேயே.

மறுநாள் காலையில் பெட்டியின் பதிவைப் பார்த்தேன். தாடி அந்த ஃபைலைத் திறந்த நேரம் 10:52. இன்னும் மூடவில்லை.

அன்று மதியம் சாவு வீட்டில் ஓனர் மாலையோடு வந்து நின்றார். ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை என்று தம்பியிடம் கேட்டேன். அவன் ஓனரைக் கை காட்டினான்.

"பதினோரு மணிக்கே அவருக்கு போன் பண்ணிட்டேன்க்கா. உங்க எல்லாருக்கும் அவரே சொல்லிடறதா சொன்னாரு."