கொழுக்கட்டை ராணியை அடித்த கதை

ஒன்பது வயதில் நான் ஒரு வீடியோ கேமில் ஜெயித்ததற்காக எங்கள் கம்பெனி முழுக்க ஐந்து கிலோ ஜிலேபி கொடுத்தார்கள். காலேஜ் சேரும்வரை இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கேட்ட ஒருத்தியும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், ஜிலேபி சத்தியமான உண்மை. அதில் நான் மட்டும் ஆறு தின்றேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவிநாசிக்குப் போகிற வழியில் மாடியில் எங்கள் வீடு, கீழே பத்துத் தையல் மெஷின். அதற்குத்தான் அந்தப் பெயர். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜையும் அதன்மேல் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. பேக்கிங் லிஸ்ட் அடிப்பதற்காகச் சித்தப்பா வாங்கிப் போட்டது. அதை ரிப்பேர் பார்க்க வந்த அண்ணன் ஒருவர் போகிற போக்கில் ஒரு கேமை ஏற்றிவிட்டுப் போனார். அதற்கப்புறம் லிஸ்ட் அடிக்கச் சித்தப்பா என்னிடம் நேரம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

காட்டிலும் மேட்டிலும் அலைந்து விசித்திர ஜந்துக்களைப் பிடித்து வளர்த்து, அடுத்தவர்களின் ஜந்துக்களோடு மோத விடுவதுதான் அந்த கேம். ஒரு நேரத்தில் ஆறைத்தான் கூட வைத்துக்கொள்ளலாம். மொத்தம் எட்டுக் கோட்டை. ஏழு கோட்டையை அந்தக் கோடை லீவில் ஊதித் தள்ளிவிட்டேன். எட்டாவதில் ஒரு ராணி இருந்தாள். அவளிடம் ஓர் இரும்புப் பாம்பு. சனியன், அது வாலை ஒரு சுழற்று சுழற்றினால் என் ஆள் ஒருவன் காலி. ஏழாவது தடவையும் ஆறு பேரையும் பறிகொடுத்துவிட்டு நான் மவுஸைத் தூக்கி எறிந்த அன்றைக்குத்தான் சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சித்தி கணியூர்ப் பக்கம். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். திரையில் குப்புறக் கிடந்த என் பச்சை ஓணானைப் பார்த்து, "ஐயோ, செத்துப்போச்சா கண்ணு?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சாகாதுங்க சித்தி. இதுல யாருமே சாக மாட்டாங்க. மயக்கம்தானுங்க!"

பிறகு ஒரு வாத்தியார் கணக்காக விளக்கினேன். ஒவ்வொரு ஜந்துவுக்கும் தலைக்கு மேலே உயிர்க்கோடு ஒன்று உண்டு. அடி விழ விழப் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும், தீர்ந்துபோனால் ஜந்து மயங்கி விழும். விழுந்தது அந்தச் சண்டையில் திரும்ப எழுந்து அடிக்காது, அவ்வளவுதான். ஊருக்கு ஊர் வைத்தியசாலை இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டினால் ஒரு நிமிஷத்தில் முழு உயிரோடு துள்ளி வரும், பைசா செலவில்லை. ஆறும் விழுந்துவிட்டால் மட்டும் திரை இருட்டிவிடும். கண் விழித்தால் வைத்தியசாலை வாசலில் நிற்போம், பையில் இருந்த காசில் பாதி போயிருக்கும்.

"அப்ப அதுவரைக்கும் கத்துக்கிட்டதெல்லாம் போயிருமா?"

"போகாதுங்க. லெவல் அப்படியே இருக்குமுங்க."

"மறுக்காப் போலாமா? எத்தன தடவ வேணும்னாலும்?"

"எத்தன தடவ வேணும்னாலும் போலாமுங்க. ராணி அங்கயேதான் நிப்பா. கரண்ட் போனாத்தானுங்க எல்லாம் போச்சு!"

"நெம்ப நல்ல ஊரா இருக்குதே" என்றார் சித்தி. கேமைத்தான் சொல்கிறார் என்று எனக்கு ஏகப் பெருமை.

சித்தியின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பேச்சின்போது பெண் பி.காம். முடித்திருக்கிறாள் என்று சொல்லித்தான் முடித்தார்கள். எங்கள் வீட்டிலும் சின்ன மருமகள் டிகிரி என்று உறவில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் ஒரு பேப்பர் பாக்கி. புள்ளியியல். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் ஊற்றிக்கொண்டது. சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான ஐந்தாம் நாளே சித்தி அழுதுகொண்டே சொல்லிவிட்டாராம். அதனால்தான் அம்மா வீடு, அம்மா வீடு என்று பைக்கில் கூட்டிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுத வைத்துக் கூட்டி வந்தார் மனிதர். வெளியே தெரிந்தால் பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்த வீடு என்று சித்தியின் அப்பா அம்மாவைத்தான் பேசுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, நானே காலேஜில் முதல் அரியர் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்து அழுத அன்றைக்கு. சித்தி ஒரு தட்டு ஜிலேபியோடு வந்து உட்கார்ந்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி கேமில் சேர்ந்துவிட்டார் என்பதுதான். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்கிற நேரத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஆஜராகிவிடுவார். காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகமும் நோட்டும் கையில் இருக்கும். உள்ளே வளைவு வளைவாகக் கோடு போட்டிருந்ததால் கோல நோட்டு என்று நினைத்துக்கொண்டேன். காட்டில் ஓரமாகத் திரிந்த ஓர் உருண்டை வெள்ளை ஜந்துவைப் பிடிக்கச் சொன்னதும் அவர்தான். அதற்கு ஓடத் தெரியாது, நெருப்புக் கக்கத் தெரியாது, எதிராளிமேல் ஏறி உட்காரத்தான் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது. சித்தி அதற்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்து, ஆசையாக வளர்த்தார்.

ராணியிடம் தோற்கும்போதெல்லாம் நான் தலையில் அடித்துக்கொள்வேன், சித்தியோ நோட்டில் குறித்துக்கொள்வார். பாம்பு எத்தனை தடவை வாலைச் சுழற்றியது, அதில் எத்தனை பட்டது, எத்தனை பிசகியது என்று கட்டம் போட்டு எழுதி, கூட்டி வகுத்து, "பத்துக்கு மூணு தடவ படறதில்ல கண்ணு. அந்த மூணுக்குத்தான் நாம காத்துட்டு இருக்கோணும்" என்பார். ஒரு கேமுக்கு இத்தனை கணக்கா என்று எனக்குச் சிரிப்பு வரும். நடுவில், ஸ்கூல் திறந்த பிறகு ஒரு தடவை, மறுபடியும் ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அந்தத் தடவை முகம் உம்மென்று இல்லை. வந்ததும் வராததுமாக, "கொழுக்கட்ட எப்படி இருக்குது?" என்றுதான் கேட்டார்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை. நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சித்தப்பா பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் நெட் கிடையாது. நானும் சித்தியும் ராணியோடு மோதிக்கொண்டிருந்தோம். பச்சை ஓணான் விழுந்தது. தீக்குருவி விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தும் மயங்கிவிட்டன. மிச்சம் கொழுக்கட்டை மட்டும், உயிர்க்கோடு ரத்தச் சிவப்பில், மூன்றே மூன்று புள்ளி. பாம்புக்கும் ஓர் அடிதான் பாக்கி. ஆனால் முதலில் சுழற்றப்போவது அது. சித்தி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா சித்தியின் போன் அடிக்க வேண்டும்? போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார். என்னால் காத்திருக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டிவிட்டேன்.

வால் சுழன்றது. படவில்லை! கொழுக்கட்டை மெதுவாக எழுந்து, அசைந்து அசைந்து போய், பாம்பின்மேல் ஜம்மென்று உட்கார்ந்தது. இரும்புப் பாம்பு மயங்கியது என்று திரையில் எழுத்து வந்ததும் நான் போட்ட கூச்சலில் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. வாசலில் இருந்தும் அதே மாதிரி ஒரு கூச்சல். சித்தி ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். நான் ஒன்றும் இளைத்த பிள்ளை இல்லை. சுற்றிவிட்டு இறக்கினால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

"அழாதீங்க சித்தி. ஜெயிச்சாச்சுங்க" என்றேன்.

"ஆமாஞ் சாமி, ஜெயிச்சாச்சு. ஜெயிச்சாச்சு" என்று என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அரை மணியில் சித்தப்பா வந்தார், ஒரு கண்டு நூல்கூட இல்லாமல், ஐந்து கிலோ ஜிலேபிப் பெட்டியோடு. மெஷின் மெஷினாகக் கொண்டுபோய் நீட்டினார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன வீட்டில் காரணம் சொல்லாமல் இனிப்புக் கொடுத்தால் எங்கள் பக்கம் என்ன நினைப்பார்கள் என்பது அந்த இரண்டு பேருக்கும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அம்மாவின் பார்வை நேரே சித்தியின் வயிற்றுக்குப் போனது. "ஏனுங் தம்பி, விசேஷமுங்களா?" என்றார். திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர் அக்கா, "எத்தன மாசம்? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்று எழுந்தே வந்துவிட்டார். சித்தப்பா சித்தியைப் பார்க்கிறார், சித்தி தரையைப் பார்க்கிறார்.

பெரியவர்களுக்கு இவ்வளவு சின்ன விஷயம்கூடப் புரியவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஜிலேபி வாயோடு கத்தினேன்.

"நாங்க கோட்டை ராணிய அடிச்சுப்போட்டோமுங்க!"

சித்தப்பா கப்பென்று பிடித்துக்கொண்டார். "ஆமாங்க அண்ணி. எங்க கண்ணு கேமுல ஜெயிச்சிருச்சுல்ல, அதுக்குத்தானுங்க." அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். செக்கிங் மேஜையில் இருந்த பீகார் அண்ணன் மட்டும் ஜிலேபியை உயர்த்திப் பிடித்து எனக்கு, "சாபாஷ்!" என்றார். பத்து மெஷின்காரர்களும் கை தட்டினார்கள். சித்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உலகத்திலேயே எனக்குத்தான் இப்படி ஒரு சித்தி என்று நெஞ்சு நிறைந்துபோனது.

ஒரே ஒரு குறைதான். பாம்பை அடித்தது யார் என்று சித்தி கேட்கவே இல்லை. அவரே பிடிக்கச் சொல்லி, அவரே பெயர் வைத்து, அவரே வளர்த்த கொழுக்கட்டை. அது மூன்று புள்ளி உயிரோடு போய் உட்கார்ந்த அழகை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று பக்கத்திலேயே நின்றேன். பாவம், நான் ஜெயித்த சந்தோஷத்தில் எல்லாமே மறந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, ஆறாவது ஜிலேபியை எடுத்தேன்.