கழிவுநீரில் எடுத்த உப்பு

ஏழுமலை என்ற சமையல்காரரின் வேலையையும் பெயரையும் கெடுத்தவன் நான். அதற்குக் காரணம் ஒரு டப்பா உப்பு.

இந்த வளைகுடா நகரத்தில் குழாயைத் திறந்தால் உப்பு நீக்கிய கடல்தான் வரும். வந்த புதிதில் பல் துலக்கும்போதெல்லாம் எனக்கு இது விசித்திரமாக இருக்கும். திருவண்ணாமலையில் நாங்கள் தண்ணீருக்காக வானத்தைப் பார்ப்போம். இங்கே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வகத்தில் நான் வேதியியலாளன். குடிநீரைப் பிரித்தபின் மிஞ்சும் கரிப்புக் கழிவுநீரை மறுபடி கடலிலேயே விட்டுவிடுவார்கள். அதில் உப்பு எடுக்கலாமே என்று தோன்றியது. மொட்டை மாடியில் தட்டுகளில் ஊற்றி, பொட்டு ஈரமில்லாமல் காயவைத்தேன். வெள்ளைவெளேரென்று வந்தது.

தொழிலாளர் விடுதியில் சமைத்தவர்தான் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர்க்காரர், என் பக்கத்து ஆள் என்று நானே சிபாரிசு செய்து வரவழைத்தவர். அவரிடம் சொல்லாமல் உப்பு டப்பாவில் என் உப்பை நிரப்பினேன். எல்லாரும் சாப்பிட்டதும் எழுந்து நின்று அறிவிப்பதாகத் திட்டம்.

"என்னா சார், சாம்பார் ஒரு மாதிரி கசக்குது?" என்றார் ஏழுமலை.

"புளி பழசா இருக்கும்" என்றேன்.

அறிவிப்பைக் கேட்க ஆள் இல்லாமல் போனது. எல்லாரும் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். கடல்நீர் வற்றும்போது சமையல் உப்பு முதலில் படியும். கடைசியில் நிற்கும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். அதில் இருப்பது மக்னீசியம் கலந்த பேதி உப்பு. படித்ததுதான். பரீட்சையோடு மறந்திருந்தேன்.

எகிப்திய மேலாளர் என்னைக் கூப்பிட்டு, சமையலறையில் சுத்தம் போதாதோ என்று கேட்டார். "இருக்கலாம்" என்றேன். ஊர்க்காரனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் மென்று விழுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த வாரமே ஏழுமலையை விமானம் ஏற்றிவிட்டார்கள். பிறகு கசப்பு நீரை வடித்து நல்ல உப்பே எடுத்துக் காட்டினேன். பதவி உயர்வு வந்தது.

பல வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடையில் அவரைப் பார்த்தேன். கடை அவருடையது. நடந்ததைச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"எங்க தப்பு பண்ணேன்னு அந்த சாம்பார நெனச்சி நெனச்சி தூங்காம கெடந்திருக்கேன் சார். சேதி ஊர் வரைக்கும் வந்துடுச்சி, ஒரு காதுகுத்துக்குக்கூட என்ன சமைக்கக் கூப்புடறதில்ல. தையில தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். என் கைச் சமையல் வேணாம்னு வெளிய ஆள் பேசிட்டாங்க. எங்கிட்ட சொன்னத மச்சான்கிட்ட வந்து சொல்லுங்க."

போனேன். கீழ்பென்னாத்தூரில், அவருடைய தங்கை கணவரையும் உறவினர்களையும் உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். மக்னீசியம் பற்றியும் விளக்கினேன். அதை விட்டிருக்கலாம்.

தங்கை கணவர் எழுந்து கைகூப்பினார். "ஊர்க்காரனுக்காக பழிய உங்க தலையில போட்டுக்கறீங்களே, இந்த மனசு யாருக்கு சார் வரும்? யோவ் மச்சான், உனக்காக இவ்ளோ பெரிய படிச்ச மனுசன் வந்து பொய் சொல்றாருய்யா. கால்ல உழு!"

"பொய் இல்லீங்க."

"பாத்தீங்களா, இன்னும் உட்டுக்குடுக்க மாட்டேங்கறாரு!"

முதல் பத்திரிகையை எனக்கு வைத்தார்கள். சமையலுக்கு வெளியாள்தான் வந்தார்.

கல்யாணம் முடிந்து திரும்பும் பேருந்தில் ஏழுமலை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அங்கயும் நீங்க நல்லவரு, இங்கயும் நீங்க நல்லவரு. உடுங்க சார்."

இப்போது மகன் குடும்பத்தோடு இந்த வளைகுடா நகரத்திலேயே இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்குப் போவேன். ஆட்டோக்காரர்கள் அடுப்படி பெஞ்சில் உட்கார்ந்து அவரோடு வம்பளந்துகொண்டே சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் வெள்ளைக்காரர்கள் நடுவே நாற்காலி இழுத்துப் போடுவார். தட்டை வைத்துவிட்டு, அவர்களிடம் சொல்வதையே என்னிடமும் சொல்வார்:

"காரம் கம்மியா போட்டிருக்கு சார்."